டிப்ஸ்டிக் இல்லாத கேமன்: வீட்டில் ஆயில் மாற்றுவது பற்றி

போர்ஷேயின் 987 தலைமுறை கேமன் எஸ் காரை வாங்க அலைகிற நண்பர் கேட்டார்: "ஆயிலை வீட்டுலயே மாத்திக்கலாமா, இல்ல வருஷா வருஷம் சர்வீஸ் சென்டருக்குக் கப்பம் கட்டணுமா?" மாற்றிக்கொள்ளலாம். சொல்லப்போனால் நிறையக் குடும்பக் கார்களைவிட இதில் வேலை சுலபம். ஆனால் கடைசிக் கால் மணி நேரத்தில் போர்ஷே பொறியாளர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவீர்கள்.

2006 மாடலாக வந்த முதல் தலைமுறை 3.4 லிட்டர் எஞ்சினைப் பற்றித்தான் இது. குதிரைத்திறன், வேகம் எல்லாம் வாங்கப்போகிறவருக்கு மனப்பாடமாகத் தெரியும்; அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் தட்டு. கடையில் கிடைக்கும் ஆயில் பிடிக்கும் தட்டுகள் பெரும்பாலும் நான்கைந்து லிட்டர் எஞ்சினுக்கானவை. இந்த எஞ்சினிலிருந்து எட்டு லிட்டரை ஒட்டி வடியும். பத்து லிட்டருக்கு மேல் கொள்ளும் அகலத் தட்டு இல்லாமல் ஆயில் வடிக்கும் ப்ளக்கில் கை வைக்காதீர்கள். பாதியில் நிறுத்த வழியில்லை.

அடுத்தது காரைத் தூக்குவது. ஜாக்கி வைக்கும் இடம் பக்கத்துக்கு இரண்டுதான். அங்கே ஜாக்கி உட்கார்ந்துவிட்டால் ஸ்டாண்டுக்கு இடம் இருக்காது. அதனால் நான்கு சக்கரத்துக்கும் தாழ்வான ராம்ப் நல்லது. முன் பம்பரும் தப்பிக்கும், காரும் மட்டமாக நிற்கும். பின்பக்கத்தை மட்டும் தூக்கினால் பழைய ஆயில் கொஞ்சம் எஞ்சின் அடித் தொட்டியான சம்ப்பிலேயே தங்கிவிடும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுப்பது எந்தக் காரிலும் கூடாது.

எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, கையில் தாங்கும் அளவுக்கு ஆறவிடுங்கள். பின் டிக்கியில் இருக்கும் ஆயில் மூடியை முதலில் திறந்து வைத்தால் வடிவது வேகமாகும். ட்ரெயின் ப்ளக்குக்கு 8 எம்எம் ஆலன் பிட் (அறுகோண முனை). அது மாட்டும் ப்ளக்கின் குழிக்குள் சாலை அழுக்கு கெட்டியாக அடைத்திருக்கும். பிரஷால் சுரண்டி எடுத்து, பிட்டைச் சுத்தியலால் லேசாகத் தட்டி அடிவரை இறக்கிய பிறகே திருப்புங்கள். அரைகுறையாக மாட்டித் திருப்பினால் குழி வழுக்கிவிடும், அதன் பிறகு அது வேறு வேலை. முதல் வீச்சில் ஆயில் நேராக விழாது, தள்ளிப் போய் விழும். தட்டை அதற்கேற்ப நகர்த்தி வையுங்கள். அரை மணி நேரமாவது வடியட்டும். திரும்ப மாட்டும்போது அலுமினிய வாஷர் புதிது, முறுக்கு 50 நியூட்டன் மீட்டர். சம்ப்பும் அலுமினியம்தான். கை பலத்தைக் காட்டுகிறவர்களிடம் மரை போய்விடும்.

இனி இந்தக் காரில் என்னைச் சந்தோஷப்படுத்துகிற பகுதி: ஃபில்டர். தகரக் குவளை இல்லை. பிளாஸ்டிக் கூடு, உள்ளே காகிதச் சுருள் மட்டும். 74 எம்எம், 14 பட்டை உள்ள கப் ரெஞ்ச் ஒன்று போதும். கூட்டைக் கழற்றும்போது உள்ளே ஒரு டம்ளர் ஆயில் இருக்கும், சாய்க்காமல் இறக்குங்கள். சில சமயம் காகிதச் சுருள் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு மேலேயே நிற்கும், இழுத்தால் வந்துவிடும். கூட்டின் பழைய ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) தூக்கிப் போட்டுவிட்டு, ஃபில்டரோடு வருகிற புதியதை ஆயில் தடவி அதே பள்ளத்தில் உட்கார வையுங்கள். கூட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர் போதும். அதற்கு மேல் இறுக்கினால் அடுத்த முறை ரெஞ்சோடு பிளாஸ்டிக் துண்டுதான் வரும்.

பழைய சுருளைக் குப்பையில் போடாதீர்கள். கத்தியால் வெட்டி, மடிப்புகளைப் பிரித்து, வெயிலில் வைத்துப் பாருங்கள். ஜோசியக்காரன் கைரேகை பார்ப்பதைவிட இதில் உண்மை அதிகம். கறுப்பாகவோ பழுப்பாகவோ சின்னப் பிளாஸ்டிக் துணுக்குகள் இருந்தால் அவை டைமிங் செயின் உரசும் தடங்களிலிருந்து வருபவை. ஒன்றிரண்டு இருந்தால் பயமில்லை. காந்தத்தை ஓட்டிப் பார்த்து இரும்புப் பொடி ஒட்டினால் வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள். ஐஎம்எஸ் பேரிங் (எஞ்சினுக்குள் சுழலும் இடைத் தண்டைத் தாங்குவது) பற்றிய பேச்சு அங்கேதான் தொடங்கும். காந்தத்தில் ஒட்டாமல் மினுமினுப்பாக அலுமினியம் தெரிந்தால் சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த 3.4 எஞ்சினில் அது அறியப்பட்ட நோய். கேமரா விட்டுப் பார்க்கச் செலவழிப்பதற்கு முன்னால் இந்தக் காகிதமே பாதி சொல்லிவிடும். வீட்டில் மாற்றுவதற்கு இது ஒன்றே போதிய காரணம், ஏனென்றால் சர்வீஸ் சென்டரில் இதை யாரும் உங்களுக்குப் பிரித்துக் காட்டப்போவதில்லை.

ஊற்ற வேண்டியது போர்ஷே ஏ40 அங்கீகாரம் உள்ள 0டபிள்யூ-40 அல்லது 5டபிள்யூ-40. டிக்கியில் ஒரு துணியை விரித்துவிட்டு, மெல்ல ஊற்றுங்கள். அவசரப்பட்டால் ஆயில் பொங்கிக் கார்ப்பெட்டில் வழியும். ஏழரை லிட்டரில் நிறுத்துங்கள். (ஏழரை என்றதும் சனி ஞாபகம் வருகிறதா? அது அடுத்த கட்டத்தில் வருகிறது.)

அளவு பார்க்க இந்தக் காரில் டிப்ஸ்டிக், அதாவது எஞ்சினுக்குள் விட்டு எடுக்கும் அளவுக் குச்சி, கிடையாது. இதற்கு முந்தைய தலைமுறை போர்ஷேயான 986 பாக்ஸ்டரில் இருந்தது. துணியில் துடைத்து, விட்டு, எடுத்தால் முடிந்தது. 987-இல் அதை எடுத்துவிட்டு டேஷ்போர்டில் கட்டம் கட்டமாகப் படம் போட்டுக் காட்டுகிறார்கள். கார் மட்டமாக நிற்க வேண்டும், எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், நிறுத்திய பிறகு ஆயில் சம்ப்புக்கு இறங்கக் காத்திருக்க வேண்டும், பிறகு சாவியைத் திருப்பி, திரையில் நேரம் கழிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். பொறுமையில்லாமல் ஸ்டார்ட் செய்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. இத்தனைக்கும் பிறகு ஆயில் மாற்றிய கையோடு அது காட்டுகிற அளவை நம்ப முடியாது. ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால்தான் சரியாக இருக்கும். ஆயில் போதுமா என்று தெரிந்துகொள்வதற்காக, போதுமா என்று தெரியாமலே ஓட்ட வேண்டும்! இதை யோசித்தவரை ராம்ப்புக்கு அடியில் படுக்க வைக்க வேண்டும்.

ஒரு கட்டத்துக்குச் சுமார் 0.4 லிட்டர். குறைந்தபட்சத்துக்கும் அதிகபட்சத்துக்கும் நடுவே 1.25 லிட்டர். இந்தக் கணக்கை மனதில் வைத்து, கட்டம் கட்டமாகச் சேருங்கள், ஒரு கட்டம் குறைவாகவே நிறுத்துங்கள். அதிகமாகிவிட்டால் ஆயில் பிரிப்பான் வழியாக, எஞ்சின் காற்றை இழுக்கும் இன்டேக்குக்குள் போய்ப் பின்னால் புகை கக்கும். எடுக்க வேண்டுமானால் மறுபடி அடியில் படுத்து, சூடான ஆயிலோடு ப்ளக்கைத் தளர்த்த வேண்டும். (நெடுநாள் நின்ற காரை ஸ்டார்ட் செய்ததும் ஒரு வாய்ப் புகை வருவது இதில் சேராது. படுக்கைவாட்டு எஞ்சின், அப்படித்தான்.)

நியாயமாகச் சொன்னால் அந்த சென்சார் பொய் சொல்வதில்லை. சொன்னபடி நிறுத்தி, சொன்னபடி காத்திருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவைத்தான் காட்டுகிறது. ஆயில் குறைந்தால் எச்சரிக்கையும் செய்கிறது, டிப்ஸ்டிக் அதைச் செய்யாது. டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கவே சோம்பல்படுகிறவர்களால் செத்த எஞ்சின்கள் ஊருக்குள் நிறைய. இரண்டையும் வைத்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும் என்பதுதான் கேள்வி. பழைய போர்ஷே 911-ஆன 996-இல் இரண்டும் இருந்ததே.

கம்பெனி சொன்ன இடைவெளி இரண்டு வருடம் அல்லது 30,000 கிலோமீட்டர். அதை மறந்துவிடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை, அல்லது 8,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. ஆயில் விலை இந்த எஞ்சினைத் திரும்பக் கட்டும் செலவுக்கு முன் தூசு. பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பிரிட்டனில் நகராட்சி மறுசுழற்சி மையங்களில் அதற்கென்று தொட்டி வைத்திருக்கிறார்கள்.

ஃபில்டர் அருமை, ப்ளக் சுலபம், ஐஎம்எஸ் பேரிங்கும் 986-இல் இருந்ததைவிடப் பெரியது, உறுதியானது. எல்லாக் கணக்கும் 987 பக்கம்தான் சாய்கிறது. இருந்தாலும் வாங்கலாமா என்று நண்பர் இன்றைக்குக் கேட்டால், டிப்ஸ்டிக் இருக்கிற 986 ஒன்றைத் தேடிப் பிடி என்றுதான் சொல்வேன். அடுத்த வாரம் கேட்டால் வேறு மாதிரி சொல்லக்கூடும்.