ரையன்ஏரும் சவுத்வெஸ்ட்டும்: ஓர் ஊழியருக்கு எத்தனை பயணிகள்?

விமான நிறுவனங்களை ஒப்பிடுகிறவர்கள் பலரும் போடும் கணக்கு ஒன்று உண்டு. வருடத்தில் பறந்த பயணிகளை ஊழியர் எண்ணிக்கையால் வகுத்து, எண் பெரிதாக வந்தால் அங்கே வேலை நன்றாக நடக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். உழைப்பவர்களின் மதிப்பை இப்படி ஒரே வகுத்தலில் எடைபோடுவது அநியாயம் என்று நினைக்கிறேன். ஏன் என்று பார்க்க அயர்லாந்தின் ரையன்ஏரும் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட்டும் பொருத்தமான ஜோடி. இரண்டும் பெரும்பாலும் போயிங் 737 விமானங்களை வைத்துக் குறுகிய தூரம் பறப்பவை. பின்னாளில் ரையன்ஏரின் தலைமை நிர்வாகியான மைக்கேல் ஓ'லியரி, சவுத்வெஸ்ட்டின் தலைமையகம் இருக்கும் டல்லாஸ் வரை போய், சவுத்வெஸ்ட் நடக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் ரையன்ஏரை மாற்றினார்.

முதலில் பண விவரம். 2024 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் ரையன்ஏரின் வருவாய் சுமார் 1,344 கோடி யூரோ, நிகர லாபம் 192 கோடி யூரோ. சவுத்வெஸ்ட் 2024இல் 2,750 கோடி டாலர் ஈட்டியும், கையில் நின்றது 46.5 கோடி டாலர்தான். வருவாய் ஏறக்குறைய இருமடங்கு, லாபமோ நாலில் ஒரு பங்குகூட இல்லை. நிதி நிலையில் யார் மேல் என்பதில் சந்தேகமே இல்லை.

இனி ஊழியர் கணக்கு. ரையன்ஏரில் சுமார் 27,000 பேர், பயணிகள் 18.37 கோடி. அதாவது ஆளுக்கு 6,800 பயணிகள். சவுத்வெஸ்ட்டில் 72,000க்கும் மேற்பட்டவர்கள், பயணிகள் 14 கோடி. ஆளுக்கு 1,930. மூன்றரை மடங்கு வித்தியாசம்! பார்த்தவுடன் சவுத்வெஸ்ட்டில் பாதிப் பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

ஆனால் அந்த 14 கோடியில், இடையில் விமானம் மாறிப் போகிறவரை ஒரு பயணியாகத்தான் எண்ணுகிறார்கள். அவரை இரண்டு முறை ஏற்றி, லக்கேஜை இரண்டு முறை தூக்குவதும் அதே ஊழியர்கள்தான். விமானத்தில் ஏறியவர்களாக எண்ணினால் 17.5 கோடி வரும். ரையன்ஏரின் வியாபாரமோ பெரும்பாலும் நேரடிப் பயணம், அங்கே இந்தச் சிக்கல் குறைவு.

அடுத்தது இருக்கை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 50 இருக்கைக்கு ஒரு கேபின் க்ரூ என்பது விதி. ரையன்ஏரின் 737-800இல் 189 இருக்கை, சவுத்வெஸ்ட்டின் 737-800இல் 175. இரண்டுக்கும் தேவை நாலு பேர்தான். ரையன்ஏர் விமானங்கள் 94 சதவீதம் நிரம்புகின்றன, சவுத்வெஸ்ட் விமானங்கள் 80 சதவீதம். ஆக அதே இரண்டு பைலட், நாலு க்ரூவோடு ரையன்ஏரில் 178 பேர் போகிறார்கள், சவுத்வெஸ்ட்டில் 140 பேர். இருக்கையை நெருக்கிப் போடுவதும் டிக்கெட் விலை வைப்பதும் நிர்வாகத்தின் முடிவு. க்ரூவின் சுறுசுறுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், யாரை ஊழியர் என்று எண்ணுகிறார்கள் என்பது. சவுத்வெஸ்ட்டில் கவுன்டரில் நிற்பவரும் லக்கேஜ் ஏற்றுபவரும் பெரும்பாலும் கம்பெனி ஆட்கள். ரையன்ஏர் பல விமான நிலையங்களில் இந்த வேலைகளை வெளி நிறுவனங்களிடம் கொடுத்துவிடுகிறது. அவர்கள் வியர்வை சிந்துவது ரையன்ஏர் விமானத்துக்காகத்தான், ஆனால் அந்த 27,000இல் அவர்கள் இல்லை. விமான நிலையக் கட்டணத்தோடு சேர்ந்து வேறொரு செலவுக் கணக்கில் போய்விடுகிறார்கள்.

சரி, பயணிகளை விட்டுவிட்டு வருவாயை வகுத்துப் பார்ப்போம். ரையன்ஏரில் ஆளுக்குச் சுமார் 5 லட்சம் யூரோ, அப்போதைய மதிப்பில் 5.4 லட்சம் டாலர். சவுத்வெஸ்ட்டில் 3.8 லட்சம் டாலர். மூன்றரை மடங்கு என்று பயமுறுத்திய இடைவெளி 1.4 மடங்காகச் சுருங்கிவிட்டது.

அப்படியானால் லாபத்தில் ஏன் இவ்வளவு தூரம்? ஊழியர் செலவைப் பாருங்கள். ரையன்ஏருக்கு அது வருவாயில் 11 சதவீதம், சவுத்வெஸ்ட்டுக்கு 44 சதவீதத்துக்கு மேல். ஆளுக்கு என்று பிரித்தால் ரையன்ஏரில் சுமார் 60,000 டாலர், சவுத்வெஸ்ட்டில் 1,69,000 டாலர். அதாவது 2.8 மடங்கு. வெளியாட்களுக்குப் போகும் பணத்தைச் சேர்த்தால் சதவீத வித்தியாசம் குறையும், ஆனாலும் ரையன்ஏரின் லாபத்தில் பெரும்பங்கு அதிக வேலையைவிடக் குறைந்த கூலியிலிருந்து வருகிறது என்றே நான் படிக்கிறேன். சவுத்வெஸ்ட் பைலட்டுகள் 2024இல் போட்ட ஒப்பந்தம் ஐந்து வருடத்தில் சம்பளத்தை ஏறக்குறைய 50 சதவீதம் உயர்த்துகிறது. முதலீட்டாளர் ரையன்ஏரைத் தேர்ந்தெடுப்பார். வேலை தேடுகிறவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

ஆள் கணக்கு சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. 2017இல் பைலட்டுகளின் விடுப்பைச் சரியாகத் திட்டமிடாமல் ரையன்ஏர் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. 2022 டிசம்பர் பனிப்புயலில் சவுத்வெஸ்ட் கிட்டத்தட்ட 17,000 விமானங்களை ரத்து செய்தது. அங்கே ஆள் இருந்தார்கள். யார் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து அடுத்த விமானத்துக்கு அனுப்ப, க்ரூவை ஒதுக்கும் பழைய மென்பொருளால் முடியவில்லை.

2025 பிப்ரவரியில் சவுத்வெஸ்ட் 1,750 அலுவலக ஊழியர்களை நீக்கப்போவதாக அறிவித்தது, அதன் வரலாற்றில் முதல் பெரிய ஆட்குறைப்பு. மே மாதம் இலவச லக்கேஜ் சலுகையும் பெரும்பாலானவர்களுக்குப் போய்விட்டது. ஆளுக்கான வருவாய் இனி உயர்ந்தால், அது உழைப்பு கூடியதால் வந்ததா, லக்கேஜ் கட்டணத்தால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.