எழுதுகிற கூலி யார் தலையில்? எஸ்பிஐஆர் விண்ணப்பத்துக்கு மாநிலங்கள் தரும் காசு: ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் சின்னதாக டெக் கம்பெனி நடத்துபவர்களிடம் எஸ்பிஐஆர் பற்றி விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: சிறு நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கு அமெரிக்க அரசு பணம் தரும் திட்டம் இது. 1982ல் வந்த சட்டம். ஆராய்ச்சிக்குப் பெரிய தொகையை வெளியே கொடுக்கும் ஃபெடரல் துறைகள், அதில் 3.2 சதவீதத்தைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்க வேண்டும். பதிலுக்குக் கம்பெனியில் பங்கு கேட்க மாட்டார்கள். தேசிய அறிவியல் அறக்கட்டளையில் முதல் கட்டத்துக்கே (யோசனை வேலை செய்யுமா என்று சோதிக்கும் கட்டம்) 3,05,000 டாலர் வரை கிடைக்கும்.

ஆனால் விண்ணப்பம் எழுதவே காசு வேண்டும். நிராகரித்தால் போட்டது போச்சு. வென்றாலும், எழுதிக் கொடுத்தவரின் பில்லை அந்த மானியத்தில் நேரடிச் செலவாகக் காட்ட முடியாது. இந்த ஓட்டையைத்தான் மாநிலங்கள் ஆளுக்கொரு விதமாக அடைக்கப் பார்க்கின்றன.

முதலில் வட கரோலினா. 2005ல் வந்த இதன் சட்டம், விண்ணப்பச் செலவில் பாதியை, அதிகபட்சம் 3,000 டாலர் வரை, திருப்பித் தரும் என்று வைத்தது. (உச்சவரம்பு மாறிக்கொண்டே இருக்கும், நடப்பாண்டு அறிவிப்பைப் பாருங்கள்.) வென்றாலும் தோற்றாலும் காசு உண்டு, விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆலோசகர் கட்டணம், எழுத உட்கார்ந்த ஊழியர்களின் சம்பளம் எல்லாம் கணக்கில் சேரும். பயணச் செலவும் வக்கீல் கட்டணமும் சேராது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த மாநிலத்தின் டர்ஹம் நகரில் இரண்டு பேர் கம்பெனி. ஆலோசகருக்கு 5,000, சம்பளம் 2,000, வாஷிங்டன் போய்வர 600, வக்கீலுக்கு 400. மொத்தம் 8,000 டாலர். ஏற்கப்படுவது 7,000, அதில் பாதி 3,500, உச்சவரம்பு வெட்டியபின் கைக்கு வருவது 3,000. மீதி 5,000 சொந்தக் காசு. அந்த 3,000கூட, எட்டாயிரத்தையும் முதலில் கையிலிருந்து போட்ட பிறகுதான் வரும். கிரெடிட் கார்டில் ஓடும் கம்பெனிக்கு இது உதவியா, தாமதமாக வரும் தள்ளுபடியா? தள்ளுபடி என்றுதான் நான் சொல்வேன்.

வயோமிங்கும் நெப்ராஸ்காவும் வேறு வழி. ‘ஃபேஸ் ஜீரோ’ என்ற பெயரில், விண்ணப்பம் தயாரிக்க 5,000 டாலர் வரை. வயோமிங்கில் பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஓர் அமைப்பு இதைப் பார்த்துக்கொள்கிறது. இதற்கே ஒரு சிறு போட்டி உண்டு, அதுதான் இதன் தலைவலி. ஆனால் அந்த வடிகட்டலில் உங்கள் யோசனை தேறுமா என்பது செலவு ஏறும் முன்பே தெரிந்துவிடும். முதன்முறை எழுதுபவருக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

மூன்றாவது, ஃபெடரல் பணத்தோடு மாநிலம் சேர்த்துத் தரும் இணைத் தொகை. வென்றவருக்கு மட்டும். வட கரோலினாவின் அதே சட்டம் முதல் கட்ட வெற்றிக்கு 1,00,000 டாலர் வரை சேர்த்துத் தர இடம் கொடுத்தது: 75 சதவீதம் முதலில், மீதி 25 இரண்டாம் கட்டத்துக்கு விண்ணப்பித்த பிறகு. முதல் கட்டப் பணம் தீர்ந்து அடுத்தது வரும்வரை சம்பளம் போட இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. விண்ணப்பம் எழுதும் செலவுக்கு மட்டும் இது உதவாது.

காசே தராத உதவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எரிசக்தித் துறையும் தேசிய சுகாதார நிறுவனமும் முதன்முறை விண்ணப்பதாரர்களுக்கு இலவசப் பயிற்சி நடத்தி வந்திருக்கின்றன. ஃபெடரல் பணம் பெற நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ளும் அரசுத் தளமான சாமில் (SAM.gov) பதிவு செய்ய ஒரு பைசா ஆகாது. அதற்கு நூற்றுக்கணக்கில் கட்டணம் கேட்டு வரும் மின்னஞ்சலை அப்படியே அழித்துவிடலாம்.

நம்மவர்கள் அடிக்கடி இடறும் இடம் ஒன்று. பாதிக்கு மேற்பட்ட பங்கு அமெரிக்கக் குடிமக்களிடமோ கிரீன் கார்டு வைத்திருப்பவர்களிடமோ இருக்க வேண்டும். எச்1பி வேலை விசாவில் இருக்கும் ஒருவர் தனியாளாக 60 சதவீதம் வைத்திருந்தால் மாநிலத்தின் உதவியும் வீண். இன்னொன்று, எஸ்பிஐஆருக்கான அனுமதி 2025 செப்டம்பர் 30ல் காலாவதியானது. எந்தத் துறையின் அறிவிப்பு இப்போது திறந்திருக்கிறது என்று உறுதி செய்யாமல் ஆலோசகருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

செலவைத் திருப்பித் தரும் வழிதான் உங்கள் மாநிலத்தில் இருக்கிறது என்றால், எழுத உட்காரும் முதல் நாளே நேரக் குறிப்பேட்டைத் திறந்துவிடுங்கள். யார், எந்தத் தேதி, எத்தனை மணி நேரம், எந்தப் பகுதி. சமர்ப்பித்த பிறகு ஞாபகத்திலிருந்து நிரப்பிய தாளை வைத்துச் சம்பளக் கணக்கு கேட்டால் எந்த அதிகாரியும் நம்பமாட்டார்.