அடுப்படிக் கொல்லைக்கதவு: எந்தக் கதவு, எந்த வலை?

விளாங்குடியில் எங்கள் வீட்டு அடுப்படி 8க்கு 7 அடி. கொல்லை வாசல் மேற்கே பார்த்தது. முதலில் போட்டிருந்த ஃப்ளஷ் கதவு, வாசல் கழுவுகிற தண்ணீரைக் குடித்துக் குடித்து அடியில் உப்பிவிட்டது. போன ஐப்பசி மழையில் நிலையோடு இறுகிக்கொண்டு திறக்கவே மாட்டேன் என்றது. அதை மாற்றப்போய்த்தான் இத்தனை அலைச்சலும்.

கதவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிவிசிக்குக் கரையான் பயமில்லை, தண்ணீர் பயமில்லை, விலையும் குறைச்சல். ஆனால் மேற்கு வெயில் நேராக அடிக்கிற இடம். பக்கத்து வீட்டில் அதே திசையில் போட்ட பிவிசிக் கதவு இரண்டு கோடையில் வில்லாக வளைந்ததைப் பார்த்தபின் மனசு வரவில்லை. இரும்புக் கதவு பத்திரம்தான். தண்ணீர் படும் அடிப்பக்கம் துருப்பிடிக்கும். டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) நன்றாக இருக்கிறது என்கிறார்கள். நான் பார்த்தது ஒரே வீட்டில், அதுவும் போட்டு ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். கடைசியில் பழைய வீடு இடித்த இடத்தில் ஒரு தேக்குப் பலகைக் கதவு கிடைத்தது. காய்ந்து ஆறிய மரம், இனிமேல் கோணாது. ஆசாரி ஓரத்தைச் சீவி மாட்டிக் கொடுத்தார்.

என்னைப் படுத்தியெடுத்தது வலைக்கதவுதான்.

டெங்கு கொசு பகலில் கடிப்பது. சமைக்கிற நேரத்தில் கதவைச் சாத்திவைத்தால் புழுக்கத்தில் வெந்துபோவோம். ஆக வலை வேண்டும். கடையில் முதலில் காட்டியது ஃபைபர் வலை: அலுமினியச் சட்டத்தில் ரப்பர் கயிற்றை வைத்து இறுக்குவது. கைக்கு அடக்கம், விலை மலிவு, படுக்கையறை ஜன்னலுக்குப் பிரமாதம். அதையே போட்டோம். ஆறே மாதம்!

அடுப்படி வலையில் தூசி மட்டும் படிவதில்லை. தாளிப்புப் புகை படிகிறது. எண்ணெய்ப் பிசுக்கு கண்ணுக்குக் கண் அடைத்து, அதன்மேல் தூசி ஒட்டி, வலை ஒரு பழுப்புத் துணியாகிவிடும். கொசு வராது, காற்றும் வராது. பிரஷ் போட்டு அழுத்தித் தேய்த்தேன். மேல்பூச்சு உரிந்து, நடுவில் தொட்டில்போலத் தொங்கிவிட்டது. மீதியை அணில் பார்த்துக்கொண்டது. கீழ் மூலையில் எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்கு ஓட்டை.

“அடுப்படிக்கு நூல் வலை நிக்காதும்மா, கம்பி வலை போடுங்க. அதையும் கழட்டுற மாதிரி போடணும்” என்றார் ஆசாரி. அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் காசு கொடுக்கலாம். இப்போது இருப்பது 304 என்கிற துருப்பிடிக்காத ரக ஸ்டீல் வலை; அதில் காந்தம் அவ்வளவாக ஒட்டாது. வாங்கும்போது ஒரு காந்தம் கொண்டுபோங்கள். விடாமல் இழுத்துப் பிடித்தால் அது 304தானா என்று சந்தேகப்படுங்கள். வலை கதவோடு ஆணியடித்ததல்ல. தனிச் சட்டத்தில் இருக்கிறது. நாலு மூலையிலும் உள்ள கட்டைகளைத் திருப்பினால் கையோடு வந்துவிடும். மாதம் ஒருமுறை கொல்லையில் சாய்த்துவைத்து, வெந்நீரில் சலவைச் சோடா கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடுகிறது. விலை ஃபைபரைவிடப் பல மடங்குதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வலை மாற்றுவதோடு வைத்துப் பாருங்கள். மடிப்பு வலை அழகு, ஆனால் அந்த மடிப்புக்குள் போகும் பிசுக்கை எதை வைத்து எடுப்பது? காந்த ஒட்டுத் திரையும் அடுப்புப் பக்கம் சரிவராது.

எலி வருமென்று வலைக்கதவின் கீழ்ப்பாதியைப் பலகை வைத்து அடைப்பார்கள். நான் விடவில்லை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தங்கும். அது வெளியேற அடியில் வழி வேண்டும். அதனால் கீழேயும் வலைதான், எலிக்காக வெளிப்பக்கம் கெட்டியான வெல்டு வலை (கம்பிகளைப் பற்றவைத்தது) ஒன்று கூடுதலாக.

சின்ன அடுப்படிக்கு இன்னொன்று: மரக்கதவு உள்ளே, வலைக்கதவு வெளியே திறக்கவேண்டும். அதற்கு நிலையின் இருபுறமும் காடி, அதாவது கதவு பதிகிற பள்ளம், எடுத்திருக்கவேண்டும். எங்கள் நிலையில் ஒருபுறம்தான் இருந்தது, வெளியே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்துச் சமாளித்தோம். வெளிப்பக்கச் சுவரில் ஒரு கொக்கியும் இப்போதே அடித்துவிடுங்கள். நாங்கள் மறந்துபோய், ஆடிக்காற்றில் வலைக்கதவு படார் படாரென்று அடித்து மேல் கீல் ஏற்கெனவே ஆடுகிறது.