பாக்கெட் ரேடியோவுக்கு விண்டோஸா, லினக்ஸா?

மண்டபத்திலோ தேவிபட்டினத்திலோ மொட்டைமாடி ஆன்டெனாவோடு பாக்கெட் நிலையம் (கணினிச் செய்திகளைச் சிறு துண்டுகளாக்கி ரேடியோவில் அனுப்பும் அமெச்சூர் நிலையம்) போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். முன்னால் ஆள் உட்கார்ந்து இயக்கும் மேசைக்கு ஒரு பதில், ஆளில்லாமல் ஓடவேண்டிய நிலையத்துக்கு வேறு பதில். 1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலம் சிதைந்து ராமேஸ்வரம் தனித்துப்போன கரை இது. ஆள் போய்ச்சேர முடியாத நேரத்திலும் நிலையம் ஓடவேண்டும் என்பதால், இங்கே இரண்டாவது வகைக்குத்தான் தேவை அதிகம் என்பேன்.

மேசைக்கு விண்டோஸ் நல்ல தேர்வு. ஒலியைத் தரவாகவும் தரவை ஒலியாகவும் மாற்றும் சவுண்ட் மோடம் மென்பொருளை நிறுவி, ரேடியோவின் ஒலியைக் கணினிக்குக் கொடுத்தால் சிக்னல் திரையிலேயே தெரியும். ரேடியோ வழி மின்னஞ்சலுக்கான வின்லிங்க் எக்ஸ்பிரஸும் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. புதியவர் ஒரே மாலையில் பழகிவிடலாம்.

ஆளில்லாத இடத்தில்தான் சிக்கல். ஐப்பசி மழையில் கரண்ட் போய் வந்ததும் விண்டோஸ் லாகின் திரையில் காத்து நிற்கும். இல்லையென்றால் அப்டேட் போட ஆரம்பிக்கும். யூஎஸ்பி ஒயரை வேறு துளையில் சொருகினால் அந்த ஒயருக்கு விண்டோஸ் கொடுத்த காம் போர்ட் எண் மாறிவிடும், மென்பொருள் பழைய எண்ணையே தேடும். இதற்கெல்லாம் வழி உண்டு, ஆனால் ஒவ்வொன்றாக உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும்.

லினக்ஸின் பலம் வேறு. பாக்கெட்டின் மொழியான ஏஎக்ஸ்.25 அதன் மையக்கருவான கெர்னலுக்குள்ளேயே 1990களில் சேர்ந்துவிட்டது. டயர் உல்ஃப் என்ற சவுண்ட் மோடத்தை ஓடவிட்டு, அதைக் கெர்னலோடு இணைக்கும் கிஸ்அட்டாச் கட்டளையைக் கொடுத்தால், ஈதர்நெட் மாதிரி ஏஎக்ஸ்0 என்று ஒரு இணைப்பு எழும்; அதன்மேல் பிங், டெல்நெட் போன்ற வழக்கமான நெட்வொர்க் கட்டளைகள் எல்லாம் போகும். செய்தியை ரகசியமாக்கி அனுப்பும் எஸ்எஸ்எச் மட்டும் வேண்டாம், அமெச்சூர் அலைவரிசையில் ரகசியக் குறியீடு கூடாது. வேகத்துக்கு ஆசைப்படவும் வேண்டாம்: 1200 பாட் (நொடிக்கு 1200 பிட்) என்றால் நொடிக்கு 150 பைட்தான், ஒரு கிலோபைட் செய்திக்கே ஏழு நொடி ஆகிவிடும். ஒரு தெருவின் நிலவரத்தை எழுதி அனுப்ப அது போதும்.

லினக்ஸ் ஓடும் கையளவுக் கணினியான ராஸ்பெரி பை-க்குச் சில வாட் மின்சாரம் போதும் என்பதால் 12 வோல்ட் பேட்டரியில் நெடுநேரம் தாங்கும். திடீரென்று கரண்ட் நின்றால் எஸ்டி கார்டு கெடும், அதுதான் அதன் பலவீனம். ஓவர்லே கோப்புமுறையை இயக்கிவிட்டால் கார்டில் எதுவும் எழுதப்படாது, அந்தப் பயம் பெரும்பாலும் தீரும். ஆனால் வந்த அஞ்சலைச் சேமிக்க தனியாக ஒரு பென்டிரைவ் வேண்டும்.

இன்னொரு இலவச இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியின் கெர்னலில் ஏஎக்ஸ்.25 இல்லை, அதனால் இந்த வேலைக்கு அதை விட்டுவிடலாம். மேக்கில் டயர் உல்ஃப் ஓடும், ஆனால் மாடியில் போட்டுவைக்க அது விலை அதிகம். பாக்கெட் செய்திகளை வாங்கி அடுத்த நிலையத்துக்குக் கடத்தும் பிபிக்யூ நோடு மென்பொருள் விண்டோஸிலும் லினக்ஸிலும் கிடைப்பதால், முதலில் விண்டோஸில் பழகிவிட்டு அப்புறம் லினக்ஸுக்கு மாறினாலும் கற்றது வீணாகாது.

என் தேர்வு: மேசையில் விண்டோஸ் இருக்கட்டும், மாடியில் லினக்ஸ். எதுவானாலும் கனெக்டரில் உப்புக்காற்று ஏறாதபடி டேப் சுற்றுங்கள். வாடை தொடங்குமுன் பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகி, கீபோர்டைத் தொடாமலே நிலையம் எழுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.