குளோரின் டெஸ்ட் கிட் (டிபிடி மாத்திரை) - ஒரு வருஷம் யூஸ் பண்ண அனுபவம்

போன வருஷம் எங்க அபார்ட்மென்ட்ல ஒரே வாரத்துல பாதி வீட்டுக்கு வயித்தால போச்சு. அவங்கவங்க சாப்பிட்டதத்தான் முதல்ல சந்தேகப்பட்டோம், அப்புறம் கேட்டுப் பாத்தா படுத்தவங்க எல்லாருமே ஒரே மொட்டைமாடி டேங்க் தண்ணி குடிக்கிறவங்க. தண்ணில கிருமியக் கொல்லப் போடுற குளோரின் எவ்ளோ இருக்குன்னு பாக்க அப்ப வாங்குனதுதான் இது.

சின்ன பிளாஸ்டிக் டப்பா, கலர் ஸ்கேல், ரெண்டு டியூப், மாத்திரை, அவ்ளோதான். 10 மில்லி தண்ணி புடிச்சு மாத்திரைய போட்டு கலக்குனா குளோரின் இருந்தா ரோஸ் கலர் வரும், அத உடனே ஸ்கேலோட வெச்சுப் பாக்கணும். மாத்திரைய கையால தொடாதீங்க, அப்படியே ஃபாயில் கவர்ல இருந்து டியூப்ல தட்டி விடுங்க.

கிருமி டெஸ்ட்டுக்கு லேப்ல குடுத்தா ரிசல்ட் வர ஒரு நாள் ரெண்டு நாள் ஆயிடும், அதுக்குள்ள அந்தத் தண்ணிய குடிச்சே முடிச்சிருப்போம். ஆனா அழுக்கு கலந்தா குளோரின் தீந்து போகும், அதனால அது திடீர்னு கொறைஞ்சா எங்கயோ அழுக்கு கலக்குதோன்னு அன்னைக்கே உஷாராயிடலாம். கனடால வாக்கர்டன்ங்கிற ஊர்ல 2000 மே மாசம் குடிதண்ணில ஈகோலைங்கிற கிருமி கலந்து 7 பேர் செத்துட்டாங்க, சுமார் 2300 பேருக்கு முடியாம போச்சு. தினமும் குளோரின் அளக்காமலே ரிஜிஸ்டர்ல நம்பர் எழுதி வெச்சிருந்தாங்கன்னு விசாரணைல தெரிஞ்சுது, ரெண்டு நிமிஷ வேலைங்க இது.

குழாய்ல வர்ற தண்ணில லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது ஃப்ரீ குளோரின் (கிருமியக் கொல்ல இன்னும் மிச்சம் இருக்குற குளோரின்) இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. எங்க சம்ப்ல நல்ல ரோஸ் வந்துச்சு, மேல் மாடி குழாய்ல கலரே இல்ல. டேங்க்ல ஏறிப் பாத்தா மூடி ஒடஞ்சு கெடக்கு, அடில வெரல் ஆழத்துக்கு சேறு, அதுல ஒரு புறா எறகு. அத பாத்துட்டு அன்னைக்கு யாருக்கும் தண்ணி எறங்கல.

கழுவிட்டு குளோரின் அதிகமாவே போட்டு ஊற விட்டோம். அப்ப டெஸ்ட் பண்ணா ஒரு செகண்ட் ரோஸ் வந்து உடனே வெளுத்துப் போச்சு, குளோரினே இல்லன்னு நெனச்சு இன்னும் ஊத்த இருந்தோம், நல்லவேளை ஊத்தல. குளோரின் ரொம்ப அதிகமா இருந்தா கலரையே வெளுத்துடுமாம், டிஸ்டில்டு வாட்டர் கலந்து பாத்தா சரியா காட்டுது. கிட்டோட வந்த பேப்பர்ல இத பொடி எழுத்துல கடைசி வரில போட்டிருக்காங்க, இதத்தானே பெருசா போடணும்?

இன்னொரு கொறை, 0.2க்கும் 0.5க்கும் கலர் வித்தியாசம் டியூப்லைட்ல தெரியவே மாட்டேங்குது, பகல் வெளிச்சத்துல பாருங்க.

ரோஸ் வந்துட்டா எல்லாக் கிருமியும் செத்துடுச்சுன்னு மட்டும் நம்பிடாதீங்க. கிரிப்டோஸ்போரிடியம்னு ஒண்ணு இருக்கு, குளோரினுக்கு அசராது, அமெரிக்கால மில்வாக்கில 1993ல அதால சுமார் 4 லட்சம் பேருக்கு வயித்தால போச்சு. தண்ணி கலங்கலா இருந்தா ரோஸ் வந்தாலும் கொதிக்க வெச்சுத்தான் குடிக்கணும்.

5க்கு 4 குடுப்பேன். இப்ப பம்ப் போடுற அண்ணன்கிட்டயே இந்த டப்பாவ குடுத்துட்டோம், தினமும் சம்ப், மேல் மாடி குழாய் ரெண்டையும் பாத்து நோட்ல எழுதுறாரு. போன மாசம் ஒரு காலைல கலர் வரலன்னு அவரே மோட்டார நிறுத்திட்டு போன் பண்ணாரு, போய்ப் பாத்தா சம்புக்கு வர்ற பைப் ஜாயின்ட் விட்டுப்போய் பக்கத்துல சாக்கடத் தண்ணி தேங்கி நிக்குது. அது சரியாகுற வரைக்கும் எல்லா வீட்லயும் கொதிக்க வெச்ச தண்ணிதான், யாருக்கும் ஒண்ணும் ஆகல.