வாடகைக் காரில் மொரிசியஸ்: சின்ன வண்டிதான் சரி

சில ஆண்டுகளாக மொரிசியஸ் போகும்போதெல்லாம் வாடகைக் காரைத்தான் நம்புகிறேன். ஏழு வண்ண மண், அருவி, ஒரு துணிக்கடை என்று டூர் வேன் காட்டும் தீவு வேறு. நினைத்த இடத்தில் ஓரங்கட்டி, சாலையோரத்தில் சூடாகத் தரும் தால் பூரியைச் சாப்பிட்டுவிட்டுப் போகும் தீவு வேறு.

நம்மவர்களுக்கு முதல் நிம்மதி, அங்கும் இடதுபுறப் போக்குவரத்துதான். 1810 முதல் 1968 வரை ஆண்ட பிரிட்டிஷார் விட்டுச்சென்ற வழக்கம். பழகிக்கொள்ள வேண்டியது ரவுண்டானா. வலப்பக்கமிருந்து வருபவருக்குத்தான் முதல் வழி. சந்து கிடைத்தால் வண்டியை நுழைத்துவிடும் நம் வித்தையை விமான நிலையத்திலேயே இறக்கி வைத்துவிட வேண்டும்.

தீவின் நீளம் சுமார் 65 கிலோமீட்டர், அகலம் 45. இதை நம்பி ஒரே நாளில் சுற்றிவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். விமான நிலையத்திலிருந்து தலைநகர் போர்ட் லூயி வழியாக வடக்கே போகும் நெடுஞ்சாலையில் சில இடங்களில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம் வரை போகலாம். அதைவிட்டு இறங்கினால் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே குறுகிய சாலை, பல இடங்களில் நடைபாதை கிடையாது, ஓரத்தில் மூடியில்லாத வடிகால். எதிரே பஸ் வந்தால் இரண்டு பக்கமும் விரலளவு இடம்தான் மிஞ்சும். பெரிய எஸ்யூவி எடுத்தவர்கள் வியர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். இருட்டிய பிறகு இந்தச் சாலைகளில் நான் ஓட்டுவதில்லை. வெளிச்சமும் குறைவு, ஓரத்தில் நடப்பவர்களும் நாய்களும் அதிகம்.

சின்ன வண்டிக்கு ஒரே சோதனை, கடலோரக் கேஸ் நோயாலிலிருந்து மலைமேல் இருக்கும் சாமரேலுக்கு ஏறும் சாலை. நான்கு பேர் உட்கார்ந்திருந்தால் ஒரு லிட்டர் எஞ்சின் முனகும். ஏசியை அணைத்து, கியரை இறக்கினால் ஏறிவிடும். கண்ணாடியை இறக்கியதும் ஈரக் காட்டு வாசம் உள்ளே வரும். கீழே லெ மோர்ன் மலையும் அதைச் சுற்றிய வெளிர்நீலக் கடலும் தெரியும். அப்படியே பிளேன் ஷாம்பேன் மேட்டுநிலம் வழியாக, இந்துக்களின் புனித ஏரியான கங்கா தலாவ் வரை போனால், கடற்கரையில் சுட்டெரித்த வெயில் மேலே மூடுபனியாகிவிடும். வைப்பர் வேலை செய்கிறதா என்று வண்டி எடுக்கும்போதே பார்ப்பது இதற்காகத்தான்.

எனக்குப் பிடித்தது தெற்குக் கரை. சுயாக்கில் உள்ள கிரி கிரியில் பவளத்திட்டு அரண் இல்லாததால் அலை நேராகப் பாறையில் வந்து மோதுகிறது. அங்கிருந்து மேற்கே பே து காப் வரை சாலை பெரும்பாலும் கடலோரமாகவே போகிறது. மக்கோந்த் பாறை வளைவில் மட்டும் நிதானம் தேவை. படம் எடுக்க நடுச்சாலையில் நிற்பவர்கள் உண்டு.

பெட்ரோல் விலையை அரசு நிர்ணயிப்பதால் எந்த பங்க்கிலும் ஒரே விலை. அங்கே நீட்டும் மொரிசியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருப்பது எனக்கு இன்னும் சலிக்காத சந்தோஷம். 1998இல் தமிழுக்கு முன்னால் இந்தியைப் போட்டு அச்சிட்ட நோட்டுகளை, எதிர்ப்புக் கிளம்பியதால் திரும்பப் பெற்றார்கள்.

காப்பீட்டைக் கவனமாகப் படியுங்கள். 'முழுப் பாதுகாப்பு' என்பார்கள். டயரும் கண்ணாடியும் அதற்குள் வராமல் போகலாம். முன்பணம் என்று கிரெடிட் கார்டில் பிடித்துவைக்கும் தொகை விடுபடவும் நாளாகும். சக்கர மூடியில் முன்பே இருந்த கீறலுக்கு ஒரு நிறுவனம் என்னிடம் பணம் கேட்டது. வண்டி எடுத்தபோது பதிவு செய்த வீடியோவைக் காட்டியதும் பேச்சு அடங்கியது. பம்பரின் அடிப்பகுதியையும் சேர்த்து எடுத்து வையுங்கள், அந்த ஊழியர் பக்கத்தில் நிற்கும்போதே.

போர்ட் லூயிக்கு மட்டும் காரை எடுத்துப் போவதில்லை. நெரிசல், பார்க்கிங் கூப்பன் என்று பாதி நாள் போய்விடும். கியூர்பீப் பக்கம் தங்கினால் மெட்ரோவில் ஏறிவிடுகிறேன்.