பினாங்கு ஈரத்தில் மேக்ரமே: கட்டி, மாட்டி, துவைத்துப் பார்த்த அனுபவம்

கயிற்றை முடிச்சு முடிச்சாகக் கட்டிச் சுவரில் மாட்டும் மேக்ரமே வால் ஹேங்கிங் எப்படிக் கட்டுவது என்று காட்டும் காணொளிகள் ஏராளம். கட்டி மாட்டியபின் அது எப்படி இருக்கிறது, சில மழைக்காலம் தாண்டினால் கயிறு என்ன ஆகிறது, எதைத் துவைக்கலாம் என்று பேசுபவர்கள் குறைவு. நான் பார்த்துக் கற்றுக்கொண்டவற்றில் பலவும் குளிர்நாடுகளில் எடுத்தவை. அங்கே பூஞ்சணம் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நமக்கு அதுதான் முதல் கவலை.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லோரும் வீட்டுக்குள் இருந்தோமே, அந்தக் காலத்தில் தொடங்கியவள் நான். பினாங்கின் ஆயர் ஈத்தாமில், கொடிமலை அடிவாரத்தில் அடுக்குமாடி வீடு. காலையில் சன்னலைத் திறந்தால் மலையின் ஈரம் நேராகக் கூடத்துக்குள் வந்துவிடும். இந்த வீட்டுச் சுவர்களில் இத்தனை வருடமாகத் தொங்கும் துண்டுகளை வைத்துத்தான் எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த ஊரில் ஒரு மேக்ரமே எத்தனை வருடம் உழைக்கும் என்பது கயிற்றையும் அது தொங்கும் சுவரையும் பொறுத்தது. டிசைனுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

கயிறுதான் செலவிலும் பெரும்பங்கு. கடைகளிலும் ஷாப்பி, லசாடா இணையத் தளங்களிலும் பருத்தி, சணல், செயற்கை இழை எல்லாம் கிடைக்கின்றன. படத்தில் எல்லாமே அழகாக இருக்கும். ஆனால் ஜவுளித் துறையில் ஒவ்வோர் இழைக்கும் ஓர் ஈரக் கணக்கு உண்டு. 20 டிகிரி வெப்பம், 65 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் பருத்தி தன் உலர்ந்த எடையில் 8.5 சதவீத அளவுக்கு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சணலுக்கு அது 13.75. பாலியெஸ்டருக்கு வெறும் 0.4. பினாங்கில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாள் 80 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது என்பதால் இங்கே பருத்தியும் சணலும் இன்னும் அதிகமாகவே குடிக்கும்.

சணலை நான் வீட்டுக்குள் மாட்டுவதை நிறுத்திவிட்டேன். புதிதில் ஒருவித எண்ணெய் வாடை வரும். நூற்கும்போது சேர்க்கும் எண்ணெய் அது, போகப்போகக் குறைந்துவிடும். ஆனால் மழைக்காலத்தில் வரும் புழுங்கல் வாடை போவதில்லை. கீழே தரையில் தினமும் தும்பு உதிரும். இழைப்பு, தும்மல் தொந்தரவு உள்ளவர்கள் வீட்டில் சணல் வேண்டவே வேண்டாம். கூரையுள்ள பால்கனியில் பூந்தொட்டி தொங்கவிட மட்டும் இப்போது அதைப் பயன்படுத்துகிறேன். அங்கே காற்றோட்டம் இருப்பதால் பரவாயில்லை.

செயற்கைக் கயிற்றில் பாலிபுரோப்பிலீன் மலிவு, பூஞ்சணம் பிடிக்காது. ஆனால் வெயில் அதற்கு ஆகாது. பூமத்திய ரேகைக்கு 5 டிகிரி வடக்கில் இருக்கும் நமக்கு வெயில் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. புற ஊதாக்கதிரைத் தாங்கும் சேர்மானம் இல்லாத கயிறு சன்னலோரத்தில் சொரசொரப்பாகி, கையால் தேய்த்தாலே பொடியாக உதிரும். அதன் மினுமினுப்பும் எனக்குப் பிடிக்காது. மேக்ரமேயின் அழகே முடிச்சுக்குள் விழும் நிழல். மினுங்கும் கயிற்றில் அந்த நிழல் தெரியாது.

கடைசியில் பருத்திதான். அதிலும் மூன்று வகை. முறுக்கே இல்லாத மாதிரி மெத்தென்று இருக்கும் ஒற்றைப் புரி, மூன்று புரியை முறுக்கிய கயிறு, பின்னல் கயிறு. ஒற்றைப் புரியைச் சீப்பால் வாரினால் குஞ்சம் பட்டுப்போல விரியும். அதனால்தான் எல்லோரும் அதை வாங்குகிறோம். ஆனால் வருடக்கணக்கில் பார்த்தால் அதன் மேற்பரப்பில் பிசிறு கிளம்பி, அந்தப் பிசிறில் தூசி ஒட்டி, முடிச்சுகளின் விளிம்பு மங்கிவிடுகிறது. அவிழ்த்துத் திரும்பக் கட்டினாலும் நைந்து போகும். மூன்று புரிக் கயிறு அப்படியில்லை. துவைத்த பிறகும் முடிச்சு முடிச்சாகவே நிற்கிறது. குஞ்சம் வேண்டுமென்றால் புரியைப் பிரித்து வாரலாம், அலை அலையாக விழும். அந்த அலை எனக்குப் பிடித்திருக்கிறது. பின்னல் கயிறு உறுதியானது, ஆனால் நுனியைப் பிரிப்பது பெரும்பாடு. பை, தொட்டித் தொங்கலுக்குச் சரி, சுவருக்கு அவ்வளவு பொருந்தாது.

'நூறு சதவீதப் பருத்தி' என்று போட்டு விற்பது எல்லாமே பருத்தி இல்லை. மறுசுழற்சிப் பருத்தியில் பாலியெஸ்டர் கலந்திருப்பது சாதாரணம். ஒரு சிறு துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். செயற்கை இழை இருந்தால் உருகிக் கெட்டியான மணியாக இறுகும். கலப்புக் கயிறு கெட்டது என்று சொல்லமாட்டேன், இந்த ஈரத்துக்கு அது கொஞ்சம் தாங்கவும் செய்யும். ஆனால் சாயம் ஏற்றும் எண்ணம் இருந்தால் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

எவ்வளவு கயிறு? ஒரு கணக்கு சொல்கிறேன். 40 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீளத்தில் ஒரு துண்டு என்று வைத்துக்கொள்வோம். 3 மி.மீ. கயிற்றில் கம்பில் மாட்டும் ஒரு லார்க்ஸ் ஹெட் முடிச்சு ஏறத்தாழ 1 செ.மீ. இடம் பிடிக்கும். ஆக 40 கயிறு. முடிச்சுப் போடும் நீளத்துக்கு நான்கு மடங்கு வேண்டும், 240 செ.மீ. நடுவில் மடித்து மாட்டுவதால் வெட்டும்போது 480 செ.மீ. மொத்தம் 192 மீட்டர். 100 மீட்டர் உருளை ஒன்றே போதும் என்று நினைப்பவர்கள் பாதியில் நின்றுவிடுவார்கள். அதே நிறத்தைத் திரும்ப வாங்கினால் வேறு தடவை சாயம் ஏற்றியதாக வந்து, பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அதனால் ஒரே தடவையில் வாங்குங்கள். கீழே முடிச்சில்லாமல் குஞ்சமாக விடும் பகுதிக்கு நான்கு மடங்கு தேவையில்லை, அந்த நீளமே போதும். ஒரு கயிற்றின் மேல் இன்னொன்றை இரண்டு முறை சுற்றி இறுக்கும் டபுள் ஹாஃப் ஹிட்ச் அடுக்கடுக்காக வரும் டிசைனுக்கு ஐந்து மடங்கு வைத்துக்கொள்வது நல்லது. நடுவில் நிற்கும் இரண்டு கயிற்றைச் சுற்றி வெளிக் கயிறுகளால் போடும் ஸ்கொயர் நாட் நீளமாகக் கீழிறங்கும் இடத்தில் வெளிக் கயிறு இரண்டும் வேகமாகத் தீரும், உள்ளே நிற்கும் இரண்டும் அப்படியே இருக்கும். நடுநடுவே உள்ளதை வெளியேயும் வெளியே உள்ளதை உள்ளேயும் மாற்றிக்கொண்டால் நான்கும் சமமாக முடியும்.

முடிச்சுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். லார்க்ஸ் ஹெட், ஸ்கொயர் நாட், டபுள் ஹாஃப் ஹிட்ச் மூன்றும் தெரிந்தால் சுவரில் பார்க்கும் பெரும்பாலான வேலைகளைச் செய்துவிடலாம். ஸ்கொயர் நாட்டின் முதல் பாதியையே திரும்பத் திரும்பப் போட்டால் தானாகச் சுழன்று சுருள் வரும். லெபோ பசார் தெருப் பக்கம் பூமாலை கட்டுபவர்களின் கையைப் பார்த்திருப்பீர்கள், நூலைச் சுற்றி வளையத்தில் விட்டு இழுக்கும் அந்த ஒரே அசைவு. பூக்கட்டத் தெரிந்தவர்களுக்கு ஹாஃப் ஹிட்ச் சொல்லித் தரவே தேவையில்லை. எங்கள் பெரியம்மா ஒரு சாயங்காலத்திலேயே பிடித்துக்கொண்டார். அவருடைய இழுப்பு சீராக இருக்கும், அந்தச் சீர்தான் மேக்ரமேயில் பாதி வேலை.

கழுத்து, தோள் வலி வராமலிருக்க ஒரு துணி மாட்டும் ஸ்டாண்ட் வாங்கிக்கொள்ளுங்கள். சக்கரம் வைத்தது, உயரம் மாற்றக்கூடியது. அதில் எஸ் வடிவக் கொக்கி போட்டுக் கம்பைத் தொங்கவிட்டால், கட்டும் வரிசை எப்போதும் நெஞ்சுக்கும் கண்ணுக்கும் நடுவே இருக்கும்படி ஏற்றிக்கொண்டே போகலாம்.

கம்பு விஷயத்தில் இங்கே இருப்பவர்களுக்குக் கடல் ஒரு ஆசை காட்டும். பத்து ஃபெரிங்கி, தஞ்சோங் பூங்கா கரையில் அலை ஒதுக்கிய கிளைகள் அழகழகாகக் கிடக்கும். அவற்றை நேரே கொண்டுவந்து மாட்டக்கூடாது. மரத்துக்குள் இருக்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அந்த ஈரம் மேல் வரிசை முடிச்சுகளில் மஞ்சள் கறையாக இறங்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை எடுத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, வார்னிஷ் பூசிய பிறகுதான் கயிறு ஏற வேண்டும். மூங்கிலில் வண்டு துளைக்கும். சுவருக்குக் கீழே மாவு மாதிரி பொடி கொட்டியிருந்தால் அதுதான்.

என் விருப்பம் பால்மரக் கம்பு. ரப்பர் தோட்டங்களில் பால் குறைந்துபோன மரங்களை 25, 30 வருடத்தில் வெட்டி, மருந்தேற்றி, பலகையும் கம்புமாக விற்கிறார்கள். மலேசியாவின் மேசை நாற்காலிகளில் பெரும்பங்கு இந்த மரம்தான். வெளிர் நிறம், சீரான ரேகை, பருத்திக் கயிற்றோடு அவ்வளவு இணக்கமாக இருக்கும். எங்கள் தாத்தா பாட்டி விடியலில் சீவிய மரம், அது என் கூடத்தில் கயிறு தாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறைகிறது. மருந்தேற்றாத கம்பில் நீலப் பூஞ்சணம் படியும், மருந்தேற்றியதுதானா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது சுவர். மழை அடிக்கும் வெளிச்சுவரின் உட்பக்கம் எப்போதும் கொஞ்சம் குளிர்ந்து ஈரமாக இருக்கும். அதில் ஒட்டினாற்போல் மாட்டிய துண்டின் பின்புறத்தில்தான் கறுப்புப் புள்ளிகள் முதலில் வரும். முன்னால் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்சுவரைத் தேர்ந்தெடுங்கள், கம்புக்குப் பின்னால் இரண்டு சிறு மரத்துண்டு வைத்துச் சுவரிலிருந்து விரல் அகலமாவது தள்ளி நிற்கவிடுங்கள். காற்று போய்வந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மின்விசிறி சுற்றும் கூடம் மிக நல்ல இடம். சமையலறையை ஒட்டிய சுவர் வேண்டாம், தாளிப்பு எண்ணெய்ப் பசை படிந்தால் அதில் ஒட்டும் தூசி போகவே போகாது. சாமி அறையில் மாட்ட ஆசைப்படுபவர்கள் உண்டு, பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் சாம்பிராணிப் புகையில் சில மாதத்திலேயே பழுப்பேறும். அதைவிட முக்கியம், வாரிவிட்ட பருத்திக் குஞ்சத்தில் தீ பட்டால் நொடியில் ஏறிவிடும். விளக்குக்குப் பக்கத்தில் எந்தத் தொங்கலும் கூடாது. இதில் சமரசமே வேண்டாம்.

வாடகை வீடுகளில் ஒட்டுக் கொக்கி பயன்படுத்துகிறோம். சிறிய துண்டுக்குச் சரி. ஒரு கிலோவைத் தாண்டும் பெரிய துண்டு மழைநாளில் ஈரம் குடித்து இன்னும் கனக்கும், சுண்ணாம்புப் பெயிண்டோடு உரிந்து விழும். வீட்டுக்காரரிடம் கேட்டு டிரில் போட்டு ஆணி வைப்பதுதான் நிம்மதி.

பட்டர்வொர்த்திலிருந்து அம்மா வந்தால் முதலில் குஞ்சத்தைத்தான் தொட்டுப் பார்ப்பார். "ஏம்மா, இவ்ளோ அழகா கட்டி வச்சிருக்க, தூசி அடையுதே. எப்பத் துவைப்ப?"

"பொங்கலுக்குத்தாம்மா. தீபாவளிக்குத் துவைச்சா காயாது."

வழக்கமாக நாம் வீட்டைப் புரட்டிக் கழுவுவது தீபாவளிக்கு. ஆனால் பினாங்கில் செப்டம்பர், அக்டோபர், நவம்பர்தான் கன மழை. அப்போது மேக்ரமேயை நனைத்தால் முடிச்சின் உள்பக்கம் காய நாளாகும், அதற்குள் வாடை பிடித்துவிடும். ஜனவரி, பிப்ரவரி இங்கே காய்ந்த மாதங்கள். போகிக்குச் சுத்தம் செய்யும்போது, இல்லையென்றால் தைப்பூசம் முடிந்த கையோடு, துவைப்பதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. கம்பிலிருந்து கழற்றாமலே செய்யலாம். குஞ்சத்தைத் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் லேசான சோப்பு கலந்து ஊறவைத்து, கசக்காமல் அமுக்கி அமுக்கி அலசுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது. ஈரத்தோடு தொங்கவிடவும் கூடாது, தண்ணீரின் கனமே துண்டை நீளமாக இழுத்துவிடும். பெரிய குளியல் துண்டில் பரப்பிச் சுருட்டி ஈரத்தை எடுத்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே தட்டையாகப் போட்டுத் திருப்பித் திருப்பிக் காயவிடுங்கள். முதல் துவைப்பில் பருத்தி சற்றுச் சுருங்கி முடிச்சுகள் இறுகும். எனக்கு அந்த இறுக்கம் புதிதில் இருந்ததைவிடப் பிடித்திருக்கிறது.

மற்ற மாதங்களில் வாக்யூம் கிளீனர் வாயில் மெல்லிய துணி கட்டி மேலிருந்து கீழே ஓட்டினால் போதும். பூஞ்சணப் புள்ளி தெரிந்தால் வெள்ளை வினிகரைத் தண்ணீரில் கலந்து தெளித்து வெயில் காட்டுங்கள். வளர்வது நிற்கும், புள்ளியின் நிழல் முழுதாகப் போகாது.

குஞ்சமும் இறகு வடிவங்களும் விறைப்பாக நிற்க, சேலைக்குப் போடும் கஞ்சியைப் போடலாமா என்று கேட்பார்கள். இந்த ஊரில் வேண்டாம். கஞ்சி ஈரத்தில் இளகிவிடும், இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. இறகு டிசைன் படத்தில் எவ்வளவு கவர்ந்தாலும் நம் காற்றில் சில வாரத்தில் நுனி சுருண்டு தொங்கும். நீராவி இஸ்திரி காட்டி வாரினால் திரும்ப நிமிரும், மழை பெய்தால் திரும்பச் சுருளும். அதனால் நான் இறகு கட்டுவதை விட்டுவிட்டு, முடிச்சு அடர்த்தியாகவும் குஞ்சம் குட்டையாகவும் வரும் டிசைன்களுக்கு மாறிவிட்டேன்.

நிறத்தைப் பொறுத்தவரை மஞ்சள் தூள் சாயம் வெயில் பட்டால் நிற்காது. தேயிலைச் சாயம் அதைவிடத் தாங்குகிறது. நன்றாக நின்றது பாத்திக் செய்பவர்கள் பயன்படுத்தும் ரெமசோல் சாயம். அது பருத்தி இழையோடு வேதியியல் முறையில் பிணைந்துவிடும், சோடியம் சிலிகேட் பூசிக் கெட்டிப்படுத்தி நன்றாக அலசினால் துவைத்தாலும் போகாது. சாயமேற்றியே விற்கும் கயிறு வாங்கினால், ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அதை வெள்ளைக் கயிற்றோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் வாங்கித் தருவது எப்போதும் இதுதான்: சாயமில்லாத 3 மி.மீ. மூன்று புரிப் பருத்திக் கயிறு 200 மீட்டர், இரண்டு விரல் தடிமனில் ஒரு பால்மரக் கம்பு, நாய்க்கு வாரும் இரும்புச் சீப்பு, நல்ல கத்தரிக்கோல். இந்தக் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டலாம். கூடத்தில் தொங்கிய என் பழைய துண்டு ஒன்றை அப்படி அவிழ்த்துத்தான் இப்போது பால்கனியில் மணிபிளாண்டுக்குத் தொங்கல் கட்டிக்கொண்டிருக்கிறேன்.